கடைசி பஸ் போன பிறகும் நகரும் கோப்புகள்

எங்கள் வாசிகசாலையின் பின்னறையில் ஒரு ஸ்கேனரும், திரையே இல்லாத ஒரு சிறிய கணனியும் இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் தகரப் பெட்டிக்குள்ளும் சாமிப் படத்தின் சட்டத்துக்குப் பின்னாலும் கிடந்த பழைய தாள்களை ஆட்கள் கொண்டுவந்து தருவார்கள். செக்ரோல் என்ற தோட்டச் சம்பளப் பதிவேட்டின் கிழிந்த பக்கம், மாரியம்மன் திருவிழா நோட்டீஸ், 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எடுத்த இந்தியக் கடவுச்சீட்டு என்று எதுவும் வரும். அவற்றைப் படமாக்கி, கொழும்பில் ஒரு நண்பர் பராமரிக்கும் சேர்வருக்கு அனுப்புவது என் பங்கு வேலை. படமாக்குவது சுலபம், அனுப்புவதுதான் பெரும்பாடு.

கணக்கைப் பாருங்கள். ஓர் ஏ4 தாளை அங்குலத்துக்கு 600 புள்ளி, முழு வண்ணம் என்று வைத்துச் சுருக்காத டிஃப் கோப்பாக எடுத்தால் ஏறக்குறைய 100 மெகாபைட் வரும். 400 தாள் சேர்ந்தால் 40 ஜிகாபைட். எங்கள் இணைப்பில் மேலேற்றும் வேகம் நல்ல நாளில் விநாடிக்கு 2 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், விநாடிக்குக் கால் மெகாபைட்தான் போகும். அந்த வேகத்தில் 40 ஜிகாபைட் போய்ச் சேர 160,000 விநாடி வேண்டும். அதாவது 44 மணி நேரத்துக்கும் மேல். எனக்கோ மாலையில் ஹட்டனிலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

முதல் முறை நான் செய்ததை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. எல்லாப் படங்களையும் ஒரே பெரிய மூட்டையாகக் கட்டி, எஸ்சிபி என்ற கட்டளையால் அனுப்பத் தொடங்கினேன். எஸ்சிபி நல்ல கட்டளைதான். ஆனால் பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர அதற்குத் தெரியாது. என் மடிக்கணனியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக அந்தத் திரையில்லாக் கணனிக்குள் நுழைந்து கட்டளையைத் தட்டியிருந்தேன். நேரமாகிவிட்டது, மடிக்கணனியை மூடி பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். கோப்புகள் பின்னறைக் கணனியில் இருக்கின்றன, அனுப்புவதும் அந்தக் கணனிதான், என் மடிக்கணனி வெறும் ஜன்னல்தானே என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை வந்து பார்த்தால், நான் பஸ் ஏறிய சிறிது நேரத்திலேயே எல்லாம் நின்றுபோயிருந்தது.

ஜன்னலை மூடினால் வேலை ஏன் நிற்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை தானாக விளங்கும்.

தொலைபேசிக் கம்பியின் மிச்சம்

ஒரு காலத்தில் தூரத்துக் கணனியோடு பேச மோடமும் தொலைபேசிக் கம்பியும் வேண்டும். மறுமுனையில் ஆள் தொலைபேசியை வைத்துவிட்டால், அவர் ஓட்டிக்கொண்டிருந்த நிரல்களைத் தொடர்ந்து ஓட விடுவதில் பயனில்லை என்று யுனிக்ஸ் இயங்குதளம் நினைத்தது. ஆகவே கம்பி அறுந்ததும் அந்த நிரல்களுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். அதன் பெயர் ஹேங்-அப், 'தொலைபேசியை வைத்துவிட்டார்கள்' என்று பொருள். சமிக்ஞைகளின் பட்டியலில் அதன் எண் 1. அதைப் பெற்ற நிரல், தனியாக ஏற்பாடு ஏதும் செய்யாவிட்டால், அங்கேயே இறந்துவிடும்.

மோடம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்றைய எஸ்எஸ்எச் இணைப்பிலும் அதே கதைதான். நான் மடிக்கணனியை மூடினேன். இணைப்பு போய்விட்டது என்று பின்னறைக் கணனி உணர்ந்ததும் எனக்காகத் திறந்து வைத்திருந்த டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் திரையை, மூடியது. டெர்மினலோடு, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் என்ற நிரலுக்கு ஹேங்-அப் போனது. ஷெல் அதைத் தன் கீழ் ஓடிய வேலைகளுக்கும் கடத்தியது. எஸ்சிபியும் செத்தது.

'கட்டளையின் கடைசியில் ஆம்பர்சண்ட் குறி போட்டால் பின்னணியில் ஓடும்' என்று எங்களில் பலர் எங்கேயாவது படித்திருப்போம். அது பாதி உண்மை. பாஷ் ஷெல்லில் நீங்கள் ஒழுங்காக 'எக்ஸிட்' என்று தட்டி வெளியேறினால், வழக்கமான அமைப்பில் பின்னணி வேலைகளுக்கு ஹேங்-அப் போகாது. ஆனால் இணைப்பு அறுந்து ஷெல்லே ஹேங்-அப் வாங்கினால், சாவதற்கு முன் எல்லா வேலைகளுக்கும் அதை அனுப்பிவிட்டுத்தான் சாகும். அதனால்தான் ஒரு நாள் பிழைத்த வேலை மறுநாள் சாகிறது, நாம் இணையத்தையும் மழையையும் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

நோஹப் என்ற பழைய கட்டளை இதற்கு ஒரு மருந்து. அது நிரலின் காதைப் பொத்தி, ஹேங்-அப் சமிக்ஞையைக் கேட்கவிடாமல் செய்கிறது. திரைக்குப் போகும் எழுத்தை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுகிறது. ஒரு தடவை தட்டிவிட்டு மறந்துவிடும் வேலைக்கு அது போதும். என் குறை வேறு: மறுநாள் வந்து அந்த வேலையின் முன்னால் மீண்டும் உட்கார முடியாது. ஏதாவது கேள்வி கேட்டு நின்றால் பதில் சொல்ல வழியில்லை.

விட்டு வருவதும் மீண்டும் சேர்வதும்

அந்த வழியைத் தருபவைதான் ஸ்கிரீன் (screen), டீமக்ஸ் (tmux) என்ற இரண்டு கருவிகள். ஸ்கிரீன் 1987 இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒலிவர் லவுமன், கார்ஸ்டன் போர்மன் இருவரும் எழுதியது. டீமக்ஸ் 2007 இல் நிக்கலஸ் மேரியட் தொடங்கியது. நான் டீமக்ஸைப் பயன்படுத்துகிறேன். ஸ்கிரிப்டில் வைத்து எழுத அதன் கட்டளைகள் வசதி. ஏற்கனவே ஸ்கிரீன் பழகியவர்கள் அதிலேயே இருக்கலாம், சண்டை வேண்டாம்.

இரண்டுக்கும் அடிப்படை எண்ணம் ஒன்று. டீமக்ஸை முதலில் அழைக்கும்போது அதே கணனியில் பின்னால் ஒரு சேர்வர் நிரல் பிறக்கிறது (கொழும்புச் சேர்வர் வேறு). உங்கள் ஷெல்லும் அதில் ஓடும் வேலையும் அந்தச் சேர்வரின் பிள்ளைகள். நீங்கள் பார்க்கும் திரை வேறு ஒரு சிறு நிரல். அது சேர்வர் காட்டுவதை உங்களுக்குக் காட்டுகிறது, நீங்கள் தட்டுவதை அங்கே கொடுக்கிறது, அவ்வளவுதான். எஸ்எஸ்எச் அறுந்தால் ஹேங்-அப் அந்தச் சிறு நிரலின் தலையில் விழுகிறது. சேர்வருக்கு எந்த டெர்மினலும் சொந்தமில்லை, ஆகவே அதற்குச் செய்தியே வராது. உள்ளே வேலை தன்பாட்டில் நடக்கிறது. நான் தப்பாக நினைத்த 'வெறும் ஜன்னல்' உண்மையாவது இங்கேதான்.

இனி வரும் கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன். விசைப்பலகையில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவும். 'டீமக்ஸ் நியூ -எஸ் கொழும்பு' என்றால் கொழும்பு என்ற பெயரில் ஓர் அமர்வு திறக்கும். அதற்குள் அனுப்பும் கட்டளையைத் தட்டுங்கள். வெளியே வர, கன்ட்ரோலும் பி (b) விசையும் சேர்த்து அழுத்தி, கையை எடுத்து, டி (d) விசையைத் தட்ட வேண்டும். அமர்வு பிரிந்து பின்னால் போகும். மறுநாள் 'டீமக்ஸ் எல்எஸ்' என்றால் உயிரோடு இருக்கும் அமர்வுகளைப் பட்டியலிடும். 'டீமக்ஸ் அட்டாச் -டி கொழும்பு' (இந்த டி, t) என்றால், நேற்று விட்ட திரை அப்படியே முன்னால் வந்து நிற்கும். ஸ்கிரீனில் இதே வேலைகளுக்கு முறையே 'ஸ்கிரீன் -எஸ்', கன்ட்ரோலும் ஏ விசையும் அழுத்திப் பிறகு டி (d), 'ஸ்கிரீன் -எல்எஸ்', 'ஸ்கிரீன் -ஆர்'. ஒரு சிறிய கவனம்: திறக்கும்போது தட்டும் எஸ் ஸ்கிரீனில் பெரிய எழுத்து, டீமக்ஸில் சின்ன எழுத்து. 'வேறோர் இடத்தில் இணைந்திருக்கிறது' என்று ஸ்கிரீன் முரண்டு பிடித்தால் 'ஸ்கிரீன் -டி -ஆர்' (இந்த டி, d) என்று கேளுங்கள். அங்கே பிரித்துவிட்டு இங்கே இணைக்கும்.

டீமக்ஸில் ஒரே அமர்வை இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம். வாசிகசாலையில் எனக்கு உதவும் தம்பி ஒருவன் ஒரு நாள் இப்படி எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே போவதற்குக் கன்ட்ரோலும் சி விசையும் அழுத்திவிட்டான். "அண்ணே, நான் பார்த்துவிட்டு வெளியேதானே வந்தேன்" என்றான். அந்த விசை பார்வையாளரை வெளியே அனுப்பாது, வேலையைக் கொல்லும். அன்றிலிருந்து பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு அட்டாச் கட்டளையோடு சிறுகோடு ஆர் சேர்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்படி வந்தால் பார்க்க மட்டும்தான் முடியும்.

அனுப்பும் கட்டளையும் மாறியது. எஸ்சிபிக்குப் பதில் ஆர்சிங்க் (rsync). ஆண்ட்ரூ ட்ரிட்ஜல், பால் மெக்கராஸ் இருவரும் 1996 இல் வெளியிட்டது. இரு பக்கமும் உள்ளதை ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் அனுப்பும். 400 படத்தில் 250 போய்ச் சேர்ந்த பிறகு நின்றால், மறுமுறை 251 ஆவது படத்திலிருந்து தொடங்கும். ஒரே மூட்டையாகக் கட்டும் புத்தியை நான் விட்டதும் இதனால்தான். தனித்தனிக் கோப்பாக விட்டால், எந்த நேரத்தில் அறுந்தாலும் அதிகபட்சம் ஒரு படத்தின் உழைப்புத்தான் வீண், எங்கள் வேகத்தில் ஏழு நிமிடத்துக்கும் குறைவு.

பெரிய வீடியோ போன்ற ஒற்றைக் கோப்பு என்றால் கதை வேறு. பாதி வந்த கோப்பை ஆர்சிங்க் வழக்கமாக அழித்துவிடும். 'பார்ஷியல்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் வைத்துக்கொள்ளும். ஆனால் முழுக் கோப்பின் பெயரிலேயே அரைக் கோப்பு நிற்கும். தோட்டத்தில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டால் செக்ரோலில் அரைப்பேர் என்று தெரியும். இங்கே அரைக்கும் முழுசுக்கும் பெயரில் வித்தியாசம் இராது. மறுமுனையில் இருப்பவர் முழுசாக வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். 'பார்ஷியல்-டிர்' என்ற விருப்பம் அரைக் கோப்புகளைத் தனி அடைவில் ஒதுக்கி வைக்கும். நான் அதைத்தான் போடுகிறேன்.

பெரட்டும் தராசும்

அமர்வு பிரிந்து ஓடுகிறது. நான் வீட்டில் இருக்கிறேன். அங்கே வேலை நடக்கிறதா என்று யார் பார்ப்பது? இதற்குத்தான் ஷெல் ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்ட் என்று பயப்பட வேண்டாம். நாம் கையால் தட்டும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்தால் அதுதான் ஸ்கிரிப்ட்.

தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களின் பேர் வாசிப்பார்கள். வந்தவர் யார், வராதவர் யார் என்று தெரிந்துவிடும். ஆனால் பெரட்டில் பேர் கொடுத்ததால் கூடை நிறைந்துவிடாது. கொழுந்து நிறுக்கும்போதுதான் அன்றைய வேலை தெரியும். குறித்த கிலோ வராவிட்டால் பேர் பாதியாகிவிடும். கண்காணிப்பு ஸ்கிரிப்டுக்கும் இந்த இரண்டும் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரி ஸ்கிரிப்டுகளில் நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் பெரட்டோடு நின்றுவிடுகின்றன: நிரல் ஓடுகிறதா, ஆம், சரி, முடிந்தது. நின்றுபோன இணைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பைட்டும் அனுப்பாமல் இரவு முழுக்க ஓடுகிற நிரலும் இந்தப் பரீட்சையில் சித்தியடைந்துவிடும்.

பெரட்டை முதலில் முடித்துவிடுவோம். 'டீமக்ஸ் ஹாஸ்-செஷன் -டி கொழும்பு' (இந்த டியும் t) என்ற கட்டளை அமர்வு இருக்கிறதா என்று பார்க்கும். அமர்வு இருந்தால் ஒன்றும் பேசாது, முடிவு எண் 0; இல்லாவிட்டால் ஒரு பிழைச் செய்தியோடு 1. ஷெல்லில் ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது இப்படி ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 0 என்றால் நல்லபடி முடிந்தது, வேறு எண் என்றால் ஏதோ கோளாறு. 'இஃப்' என்ற நிபந்தனைக்குள் அந்தக் கட்டளையை வைத்து, அமர்வு இல்லையென்றால் மட்டும் புதிதாகத் தொடங்கச் சொல்லலாம். புதிதாகத் தொடங்கும் கட்டளையில் கூடுதலாக ஒரு சிறுகோடு டி (d) போட வேண்டும். அப்போது அமர்வு திறக்கும்போதே பிரிந்த நிலையில் திறக்கும், யாரும் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இதையே பிக்ரெப் என்ற கட்டளையால், ஓடும் நிரல்களின் பெயரைத் தேடியும் செய்யலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். ஸ்கிரிப்டுக்கு 'ஆர்சிங்க்-பார்' என்று பெயர் வைத்திருந்தேன். சிறுகோடு எஃப் போட்டு, முழுக் கட்டளை வரியிலும் 'ஆர்சிங்க்' என்ற சொல்லைத் தேடச் சொல்லியிருந்தேன். மூன்று நாளாக 'ஓடுகிறது, ஓடுகிறது' என்றே பதிவாகியது. ஓடியது என் ஸ்கிரிப்ட். பேர் வாசித்த கணக்கப்பிள்ளையே தன் பேருக்கும் 'இருக்கிறேன்' என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அமர்வின் பெயரைக் கொண்டு கேட்டால் இந்தக் குழப்பம் வராது.

இனித் தராசு. ஆர்சிங்குக்கு 'இன்ஃபோ ஈக்வல் ப்ரோக்ரஸ்2' என்ற விருப்பத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு கோப்பாகச் சொல்லாமல் மொத்தத்தில் எத்தனை பைட் போனது, எத்தனை சதவீதம், என்ன வேகம் என்று ஒரே வரியில் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த வரியை ஸ்கிரிப்ட் எப்படிப் படிப்பது? 'டீமக்ஸ் காப்சர்-பேன் -பி' (இந்த பி, p) என்ற கட்டளை அமர்வின் திரையில் இந்தக் கணத்தில் இருக்கும் எழுத்தை, உள்ளே நுழையாமலே, பிரதி எடுத்துத் தரும். அதில் பைட் எண்ணிக்கை உள்ள கடைசி வரியை எடுத்து ஒரு சிறு கோப்பில் வைக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்து, பழையதோடு ஒப்பிட வேண்டும். எண் ஏறியிருந்தால் வேலை நடக்கிறது.

இங்கே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பைட் எண் நீளமாக இருக்கிறதே என்று சதவீதத்தை ஒப்பிட்டேன். 40 ஜிகாபைட்டில் ஒரு சதவீதம் 400 மெகாபைட். எங்கள் வேகத்தில் அதற்கு 27 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும் ஸ்கிரிப்டுக்கு, நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலையும் இரண்டு முறை அசையாமல் நின்றதாகவே தெரிந்தது. இரண்டு முறை அசையாவிட்டால் கொன்றுவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்று நானே எழுதிவைத்திருந்தேன். இரவு முழுக்க நல்ல வேலையைக் கொன்று கொன்று பிழைக்க வைத்திருக்கிறது. எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை நிறுக்கிறோம், அதற்குள் தராசு எவ்வளவு அசைய வேண்டும் என்ற கணக்கை முதலில் போட்டுவிட்டு எழுதுங்கள்.

ஆர்சிங்கிலேயே 'டைம்அவுட்' என்றொரு விருப்பம் உண்டு. 120 என்று கொடுத்தால், 120 விநாடி எந்தத் தரவும் போகவோ வரவோ இல்லையென்றால் தானே கைவிட்டு, முடிவு எண் 30 உடன் வெளியேறும். இதைப் போட்டுவிட்டால் தராசு வேலையில் பாதி குறையும்.

விழுந்தால் எழுப்புவது

அமர்வுக்குள் ஆர்சிங்கை நேரடியாக ஓட்டாமல், அதைச் சுற்றி ஒரு சுழல் போடுவேன். 'அன்ட்டில்' என்ற சொல் இதற்குப் பொருத்தம்: ஆர்சிங்க் 0 என்று முடியும்வரை, ஒவ்வொரு முறை விழுந்த பிறகும் ஒரு நிமிடம் தூங்கி, மீண்டும் தொடங்கு. நேரத்தையும் முடிவு எண்ணையும் ஒரு பதிவேட்டுக் கோப்பில் ஒரு வரியாக எழுதிவிடு. அந்த ஒரு நிமிடத் தூக்கம் முக்கியம். அது இல்லாவிட்டால், இணையம் இல்லாத நேரத்தில் விநாடிக்குப் பல முறை தட்டித் தட்டிப் பதிவேட்டை நிரப்பிவிடும்.

முடிவு எண்களில் சிலவற்றை மனப்பாடம் செய்துகொண்டால் காலையில் பதிவேட்டைப் பார்த்ததும் நடந்தது தெரியும். 255 என்றால் எஸ்எஸ்எச் இணைப்பே கிடைக்கவில்லை. 30 முன்பே சொன்னது. 12 என்றால் பேச்சின் நடுவில் கம்பி அறுந்தது போன்ற நிலை. பெரும்பாலும் மறுமுனை போய்விட்டது. 23 என்றால் சில கோப்புகள் மட்டும் போகவில்லை, அனுமதிச் சிக்கலாக இருக்கலாம். 24 என்றால் அனுப்பும்போதே சில கோப்புகள் மறைந்துவிட்டன, யாரோ நடுவில் அழித்திருக்கிறார்கள். 11 தொடர்ந்து வந்தால் மறுமுனையில் வட்டு நிறைந்துவிட்டதா என்று பாருங்கள். இந்த வேறுபாடு தெரியாமல் எல்லாவற்றுக்கும் மீண்டும் மீண்டும் முயலும் சுழல், நிறைந்த வட்டில் விடியும்வரை முட்டிக்கொண்டே இருக்கும். என் சுழல் 11 அல்லது 23 மூன்று முறை வந்தால் நின்றுவிடும். 255, 30, 12 என்றால் எத்தனை முறையும் முயலும், ஏனென்றால் அவை மழைக்கு வருபவை.

இன்னொரு நிபந்தனை: கடவுச்சொல் கேட்காத எஸ்எஸ்எச் சாவி அமைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் முறை அறுந்து மீண்டும் தொடங்கியதும், கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டு ஆள் வரும்வரை காத்திருக்கும்.

ஒரே அடைவை இரண்டு ஆர்சிங்க் ஒரே நேரத்தில் அனுப்பத் தொடங்கினால் இருக்கும் கொஞ்ச வேகமும் இரண்டாகப் பங்காகிவிடும். இதைத் தடுக்க எஃப்லாக் என்ற கருவி. நாவலப்பிட்டிக்கு மேலே பதுளை வரை ரயில் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு ரயில் ஏறிவிடாமல் இருக்க, நிலையத்தில் டெப்லட் என்ற அனுமதி வில்லையை வளையத்தோடு வாங்கிக்கொண்ட சாரதிதான் அடுத்த துண்டுப் பாதைக்குள் நுழையலாம் என்பது இந்தப் பாதையின் நெடுநாள் வழக்கம். எஃப்லாக்கும் அந்த வளையம்தான். ஒரு பூட்டுக் கோப்பைப் பிடித்துக்கொண்ட நிரல் ஓடும். இரண்டாவது வந்தது, சிறுகோடு என் போட்டிருந்தால், உடனே திரும்பிப் போய்விடும். 'பூட்டு' என்று வெறும் கோப்பு ஒன்றை உருவாக்கி, அது இருக்கிறதா என்று பார்க்கும் நாட்டு முறையும் உண்டு. மின்சாரம் போனால் அந்தக் கோப்பு மட்டும் அழியாமல் கிடந்து, பிறகு யாரையும் உள்ளே விடாது. எஃப்லாக்கின் பூட்டைப் பிடித்திருப்பது இயங்குதளத்தின் மையமான கேர்னல். நிரல் எப்படிச் செத்தாலும் பூட்டு தானாக விடுபடும். பூட்டை அமர்வுக்குள் ஓடும் சுழலில் வையுங்கள், அமர்வைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் வைக்க வேண்டாம்.

பெரட்டையும் தராசையும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓட்டுவது கிரான் என்ற நேரக் காவலாளியின் வேலை. அமர்வைத் திறந்த அதே பயனரின் கிரானில்தான் அதை எழுத வேண்டும். டீமக்ஸ் ஒவ்வொரு பயனருக்கும் தனிச் சேர்வர் வைத்திருக்கும். கணனியின் நிர்வாகியான ரூட் பயனரின் கிரானில் எழுதினால் 'சேர்வரே ஓடவில்லை' என்ற பதில்தான் வரும், அமர்வு அடுத்த அறையில் நலமாக இருக்கும்போதே. கட்டளைகளுக்கு முழுப் பாதையும் கொடுங்கள். கிரானுக்குத் தெரிந்த அடைவுகள் மிகக் குறைவு.

மின்சாரம் போனால்

டீமக்ஸை அறிமுகப்படுத்தும்போது பலர் சொல்லாமல் விடுவது இது: அமர்வு நினைவகத்தில் வாழ்கிறது. கணனி அணைந்தால் அமர்வும் போகும், மீண்டும் இணைய ஒன்றும் மிஞ்சாது. எங்கள் பக்கம் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமழை வந்தால் மின்சாரம் நிலைக்காது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுக்க ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களின் தண்ணீர் மின்சாரமாகிக் கீழே போகிறது. மேலே நாங்கள் மெழுகுவர்த்தி தேடுகிறோம். இது கட்டுரைக்கு வெளியே, விடுங்கள்.

மீண்டும் மின்சாரம் வந்ததும் கணனி தானாக எழும்படி பயோஸில் அமைத்திருக்கிறேன். கிரானில் 'ரீபூட்' என்ற சிறப்புக் குறிச்சொல் உண்டு. கணனி எழும்போது ஒரு முறை ஓட வேண்டியதை அதே வரியில் அதன் பின்னால் எழுதலாம். அங்கே பெரட்டு ஸ்கிரிப்ட் இருக்கிறது. அமர்வு இல்லை என்று காணும், புதிய அமர்வைத் திறக்கும், சுழல் தொடங்கும், போய்ச் சேர்ந்த படங்களை ஆர்சிங்க் தாண்டிக்கொண்டு மிச்சத்துக்குப் போகும். அமர்வு சாகலாம், வேலையின் கணக்கு இரு பக்க வட்டுகளிலும் இருக்கிறது. புதிதாகத் தொடங்குவதற்கு எப்போதும் பாதுகாப்பான ஒரு கட்டளையை அமர்வுக்குள் வைத்திருந்தால்தான் இந்த ஏற்பாடு நிற்கும்.

சில லினக்ஸ் வகைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. லினக்ஸில் நிரல்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின், 2016 இல் வந்த 230 ஆவது பதிப்பு, பயனர் வெளியேறியதும் அவருடைய மிச்ச நிரல்கள் எல்லாவற்றையும் கொல்வதைத் தன் இயல்பு அமைப்பாக்கியது. பல வெளியீடுகள் அதை மாற்றிவிட்டன, எல்லாம் அல்ல. டீமக்ஸுக்குள் வைத்தும் வேலை சாகிறது என்றால் 'லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்' என்ற கட்டளையை உங்கள் பயனருக்குக் கொடுத்துவிட்டு, டீமக்ஸை 'சிஸ்டம்டி-ரன் --ஸ்கோப் --யூசர்' என்பதன் பின்னால் வைத்துத் தொடங்கிப் பாருங்கள்.

டீமக்ஸ் இல்லாமலே பிரிந்து மீண்டும் இணையத் தெரிந்த ஓர் அனுப்பும் நிரலும் உண்டு: எல்எஃப்டிபி. மறுமுனையில் கோப்பு அனுப்பும் முறைகளான எஃப்டிபி அல்லது எஸ்எஃப்டிபி மட்டும் தருகிறார்கள், ஆர்சிங்க் ஓட்ட விடுவதில்லை என்றால் அதைத்தான் எடுப்பேன். வேலை முடியாமல் அதிலிருந்து வெளியேறினால், தானே பின்னணிக்குப் போய்த் தொடரும். பிறகு எல்எஃப்டிபியை மறுபடி திறந்து 'அட்டாச்' என்று, அந்தப் பின்னணி நிரலின் எண்ணோடு தட்டினால், பழைய வேலை முன்னால் வரும்; 'ஜாப்ஸ்' என்றால் எது எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும்.

இப்போது என் காலை இப்படித் தொடங்குகிறது. முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, தேநீர் குடிக்கும் முன்பே பதிவேட்டின் கடைசி இருபது வரிகளைப் பார்ப்பேன். 255 கள் நிறைய இருந்தால் இரவு மழை. பிறகு அட்டாச் செய்து திரையைப் பார்த்துவிட்டு, பிரிந்து வந்து, அடுத்த தாள்களை ஸ்கேனரில் வைப்பேன்.

ஒரு தொகுதி முழுசும் போய்ச் சேர்ந்ததும் ஒரு கடைசிச் சோதனை உண்டு. அனுப்பிய அதே ஆர்சிங்க் கட்டளையில் சிறுகோடு என், சிறுகோடு சி, சிறுகோடு ஐ என்ற மூன்றையும் சேர்த்து ஓட்டினால், எதையும் அனுப்பாமல், இரு பக்கமும் ஒவ்வொரு கோப்பையும் முழுசாக வாசித்து ஒப்பிட்டு, வித்தியாசமானவற்றின் பெயரை மட்டும் சொல்லும். இணைப்பில் போவது சிறு தொகைதான். வட்டுகளுக்குத்தான் வேலை அதிகம். அது ஒரு கோப்பின் பெயரையும் சொல்லாமல் 0 என்று முடிந்தால் மட்டும் பின்னறை வட்டிலிருந்து அந்தத் தொகுதியை அழிக்கிறேன். அதையும் அன்றே செய்வதில்லை, மறுநாள்தான்.